ஒரு கேமராவுக்கு இரண்டு பேர்

டபுள் அக்காவுக்கு அந்தப் பெயர் வந்த கதை ரொம்பச் சின்னது. எதைப் போட்டோ எடுத்தாலும் பட்டனை இரண்டு முறை அழுத்துவார். ஒன்று படத்துக்கு; இன்னொன்று, நேரம் பார்த்துக் கண்ணை மூடிக்கொள்கிற புண்ணியவான்களுக்கு. குழந்தை, பாஸ்போர்ட் படம், கடைத் திறப்பு, புதுக் கட்டடம், எதுவானாலும் டக், டக். கட்டடம் எங்கேயாவது கண்ணை மூடுமா என்று கேட்டால், "பழகிடுச்சு, விடுங்க" என்பார். இருபத்து நான்கு வருஷத்தில் அவர் ஒற்றை ‘டக்’ போட்டு யாரும் பார்த்ததில்லை.

அவருடைய கணவர் வீடியோ எடுப்பவர். ஊர் அவரை வீடியோ அண்ணன் என்று கூப்பிடும். ஒரு அக்காவும் ஒரு அண்ணனும் எப்படிக் கணவன் மனைவி ஆனார்கள் என்று கேட்கிற துணிச்சல் அந்தத் தெருவில் யாருக்கும் வந்ததில்லை. எந்த வேலைக்குப் போனாலும் இருவரும் ஒரே ஸ்கூட்டரில்தான் போவார்கள். அண்ணனின் பெரிய வீடியோ கேமரா அவர் வலது தோளில் உட்கார்ந்திருக்கும், அக்கா இடது பக்கம் நிற்பார். அக்காவின் ஃபிளாஷ் அண்ணனின் வீடியோவில் பளிச்சிடும். அண்ணனின் முழங்கை அக்காவின் படத்துக்குள் நுழையும். முகத்தில் சிரிப்பு மாறாமல், பல்லைக் கடித்துக்கொண்டு, நாளெல்லாம் சண்டை போடுவார்கள். சாயங்காலம் வீடு திரும்பும்போது அதே ஸ்கூட்டரில் அதே சண்டை தொடரும். அதைவிடச் சந்தோஷமான குடும்பத்தை நான் பார்த்ததில்லை.

போன வருஷம் அண்ணனின் வலது தோள் அசைய மாட்டேன் என்று நின்றுவிட்டது. கையைத் தூக்கினால் உயிர் போகிற வலி. டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, "இனிமே அந்தக் கேமராவைத் தோள்ல வைக்கக் கூடாது" என்று கண்டிப்பாகச் சொன்னார். கூடவே, "கொடியில துணி காயப்போடுங்க, கைக்கு நல்ல பயிற்சி" என்றும் சொன்னார். முதல் பாதி அண்ணனை நிலைகுலைய வைத்தது. இரண்டாம் பாதியை அக்கா மறக்கவே இல்லை.

அந்த நேரம் பார்த்து வாடிக்கையாளர்களும் வேறு பாட்டுப் பாட ஆரம்பித்தார்கள். "ஒரே ஆளு வந்து ரெண்டையும் எடுத்துக் குடுத்துடுறாங்களாமே, அந்த மாதிரி வர முடியுமாக்கா?" என்று போனில் கேட்பார்கள். பல் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் மகள், எதையும் வேரோடு பிடுங்கித்தான் பேசுவாள். "போட்டோவும் வீடியோவும் ஒரே கேமராவுல வருதும்மா. நல்லதா ஒண்ணு வாங்கு. நீ போயிட்டு வா. அப்பா வீட்ல ரெஸ்ட் எடுக்கட்டும்" என்றாள். அன்போடுதான் சொன்னாள். ஆனால் அந்தக் கடைசி வாக்கியம் அக்காவின் நெஞ்சில் சுருக்கென்று குத்தியது.

ஒரே கேமராவுக்கு எதற்கு இரண்டு பேர்? அக்காவைத் தூங்கவிடாமல் செய்த கேள்வி இதுதான். கேமரா மாறுவதில் அவருக்கு வருத்தம் இல்லை, புதுச் சாமான் என்றால் அவருக்குக் கொள்ளை ஆசை. ஆனால் புதிதாக ஒன்றை வாங்கி வீட்டுக்குள் கொண்டுவந்தால், அடுத்த நாளே ஸ்கூட்டரில் ஒரு ஆள் குறைந்துவிடும்.

"சும்மா கூட வாங்க" என்று கூப்பிட்டுப் பார்த்தார்.

"கையை வீசிக்கிட்டு வர்றதுக்கு நான் என்ன விருந்தாளியா? நீ போம்மா. நான் இல்லாட்டி உனக்கு ஒண்ணும் குறைஞ்சிடாது. சொல்லப்போனா என் முழங்கை இல்லாம உன் போட்டோ நல்லா வரும்" என்றார் அண்ணன். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். சொல்லிவிட்டு, தினமும் காலையில் செய்வதுபோல, இனி எடுக்கவே முடியாத அந்தப் பெரிய கேமராவின் லென்ஸைத் துடைக்கப் போனார். இவருக்கு உண்மையிலேயே ஓய்வு வேண்டுமா, அல்லது கெத்து விடாமல் நடிக்கிறாரா என்று அக்காவால் கண்டுபிடிக்க முடியவில்லை. இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியும் இது புரியவில்லையே என்று தன் மேலேயே அவருக்கு ஆத்திரமாக வந்தது.

ஆக, அக்கா ஒரு காரியம் செய்தார். கேமரா வாங்கப் போனார், வாங்காமல் திரும்பினார். ஐந்து மாதம் இதே வேலை.

கடைத்தெருவின் முனையில் இருந்த கேமராக் கடைக்காரர் பொறுமைக்குப் பேர் போனவர். அவருடைய பொறுமைக்கே அக்கா பரீட்சை வைத்தார். ஒரு கேமரா கனம் என்றார். அடுத்தது கனமே இல்லை, கையில் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை என்றார். ஒன்றில் வீடியோ அரை மணி நேரம் ஓடினால் சூடாகி நின்றுவிடும் என்று, கடைக்கு மட்டும் கூட வந்த அண்ணன் சொன்னார். அக்கா உடனே ஆமாம் ஆமாம் என்றார். இன்னொன்றில் ஒரே ஒரு மெமரி கார்டுதான் போட முடியும், அது பழுதானால் வாடிக்கையாளர் வீட்டுப் பக்கம் தலைகாட்ட முடியாது என்றார் அக்கா. அது நியாயமான குறைதான். வேறொன்றில் எல்லாம் சரியாக இருந்தது. அதன் பட்டன் சத்தம் பிடிக்கவில்லை என்று வைத்துவிட்டார்.

"சத்தத்தை அணைச்சுக்கலாங்க்கா" என்றார் கடைக்காரர்.

"அணைச்சா எடுத்தோமா இல்லையான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

பதினோராவது முறை போனபோது கடைக்காரர் பேச்சையே குறைத்துக்கொண்டார். கண்ணாடி அலமாரியைத் திறந்து, உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்த ஒரு கேமராவை எடுத்து மேஜைமேல் வைத்தார். மேலே ஒரு சின்னத் திருகு. இந்தப் பக்கம் திருப்பினால் போட்டோ, அந்தப் பக்கம் திருப்பினால் வீடியோ. இரண்டு கார்டு போடலாம். மைக்குக்கும் ஹெட்போனுக்கும் தனித்தனித் துளை. பின்னால் இருந்த திரை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திரும்பியது. தோளுக்கு மேலே தூக்க முடியாதவர் இடுப்பருகே வைத்துக்கொண்டே குனிந்து பார்த்து எடுக்கலாம். மணிக்கணக்கில் ஓடினாலும் சூடாகாது. அக்கா அதை எடுத்து விரல்களை மடக்கிப் பிடித்தார். அளவெடுத்துச் செய்த மாதிரி இருந்தது. குறை சொல்ல ஒன்றும் கிடைக்காமல் அவர் முகம் வாடிவிட்டது.

"அண்ணே, நீங்க ஒரு போட்டோ எடுத்துப் பாருங்க" என்று கடைக்காரர் அதை அண்ணனிடம் கொடுத்தார். அண்ணன் காலை அகட்டி நின்றார். மூச்சை அடக்கினார். பட்டனை அழுத்திவிட்டு, கேமராவை மெல்ல, மிக மெல்ல, மின்விசிறியில் ஆரம்பித்து அலமாரி வழியாக வாசற்கதவு வரைக்கும் திருப்பிக்கொண்டே போனார்.

"அண்ணே, போட்டோ அப்பவே எடுத்தாச்சு. நீங்க எங்க போறீங்க?" என்றார் கடைக்காரர்.

திரையில் மின்விசிறியின் ஒரு இறக்கை மட்டும் இருந்தது. அக்கா சிரித்த சிரிப்பில் கடைக்கு வெளியே போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணனும் சிரித்தார். கடைக்காரர் சந்தர்ப்பத்தை விடவில்லை. "ரெண்டு நாள் வீட்டுக்குக் கொண்டு போங்க. ஒரு வேலைக்கு எடுத்துட்டுப் போய்ப் பாருங்க. அப்புறம் வந்து குறை சொல்லுங்க. எடுக்காமலே குறை சொன்னா நான் என்னதான் பண்றது?" என்று பையில் போட்டு, ஜிப்பையும் இழுத்து மூடிக் கையில் திணித்துவிட்டார்.

மறுநாள் சனிக்கிழமை. ஒரு பள்ளிக்கூடத்தில் முப்பத்தொரு வருஷம் நீச்சல் சொல்லிக்கொடுத்த டீச்சர் ஓய்வு பெறுகிறார். குளத்தங்கரையிலேயே வழியனுப்பு விழா. "ஒரு ஆளு போதும்" என்று முன்னாலேயே சொல்லியிருந்தார்கள். அக்கா ஸ்கூட்டரை எடுத்தபோது, அண்ணன் வாசலில் நின்று, "வீடியோவுக்கு அந்தத் திருகைத் திருப்ப மறந்துடாத" என்றார். "அழுத்தினா ஓடும். திரும்ப அழுத்தினா நிக்கும். அவ்வளவுதான்."

"நான் என்ன சின்னப் பிள்ளையா?" என்று அக்கா கிளம்பினார். பின் சீட்டில் யாரும் இல்லாமல் ஸ்கூட்டர் லேசாகத் துள்ளியது. வழியெல்லாம் அது அவருக்கு எரிச்சலாக இருந்தது.

போட்டோவில் ஒரு சிக்கலும் இல்லை. நீலத் தண்ணீர், ஈரத் தலைகள், வரிசையில் நிற்க மறுக்கும் பிள்ளைகள், சீருடைக்கு மேலே கழுத்தில் விசில் தொங்க நின்ற டீச்சர். கேமரா கண்களைத் தேடிப் பிடித்து ஃபோகஸ் செய்தது. டக், டக். டக், டக். அக்காவுக்கே பெருமையாக இருந்தது. அப்போது பெரிய வகுப்புப் பிள்ளைகள் தங்களுக்குள் குசுகுசுவென்று பேசிக்கொண்டு டீச்சரை நெருங்குவதைக் கண்டார். தள்ளிவிடப் போகிறார்கள்! இது வீடியோவில் வர வேண்டிய காட்சி. சட்டென்று திருகைத் திருப்பினார். "ஒண்ணு, ரெண்டு, மூணு!" என்று கத்தி எல்லோருமாகத் தள்ள, டீச்சர் தொபுக்கடீரென்று தண்ணீரில் விழுந்தார். அக்காவும் அழுத்தினார்.

டக், டக்.

எப்படி வந்திருக்கிறது என்று ஆசையாகப் போட்டுப் பார்த்தார். ஒரு வினாடி ஓடிற்று. டீச்சரின் ஒரு கால் கரையை விட்டுக் கிளம்பியது, படம் முடிந்தது. முதல் அழுத்தலில் ஓட ஆரம்பித்ததை இரண்டாவது அழுத்தலில் தானே நிறுத்திவிட்டோம் என்று அவருக்கு அப்போதுதான் புரிந்தது. முப்பத்தொரு வருஷத்துக்கு ஒரு முறை வருகிற காட்சி!

மறைப்பது அக்காவுக்குத் தெரியாத வித்தை. குளத்தின் ஓரத்துக்குப் போய்க் குனிந்து, "டீச்சர், மன்னிச்சுக்கங்க. உங்க கால் மட்டும்தான் விழுந்திருக்கு. ஆள் வரல" என்றார்.

டீச்சர் தண்ணீரில் மிதந்தபடியே ஒரு கணம் விழித்தார். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். "நனைஞ்சாச்சு, இனி எத்தனை தடவ விழுந்தா என்ன? டேய், வாங்கடா, திரும்பத் தள்ளுங்க!" பிள்ளைகளுக்குச் சொல்லவா வேண்டும்? இந்த முறை பக்கத்து வகுப்பும் சேர்ந்துகொண்டது. தொபுக்கடீர். டக், டக்.

"வந்துச்சா?" என்று தண்ணீருக்குள்ளிருந்து குரல்.

"ரெண்டு காலும் வந்திருக்கு" என்றார் அக்கா பரிதாபமாக.

மூன்றாவது முறை தலைமை ஆசிரியரையும் சேர்த்துத் தள்ளிவிட்டார்கள். அக்கா ஒரு முறை அழுத்தியதும் இடது கையால் வலது ஆள்காட்டி விரலைப் பிடித்து இழுத்து வைத்துக்கொண்டார். வந்துவிட்டது. இரண்டு பேரும் விழுவதும், தண்ணீர் எகிறுவதும், பிள்ளைகள் ஒவ்வொருவராகத் தாங்களே குதிப்பதும் முழுசாக வந்துவிட்டது. அப்பாடா என்று கேமராவைக் கழுத்தில் தொங்கவிட்டு, கூட்டத்தோடு நடந்து போனார். நிறுத்த வேண்டும் என்ற நினைப்பே அவருக்கு வரவில்லை. அவர் பிழைப்பில் ஒரு படத்தை எடுத்தால் எடுத்ததுதான். அதைப் போய் யாரும் நிறுத்துவதில்லை.

மத்தியானம் மூன்று மணிக்கு வீட்டில் அண்ணன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டார். அக்கா கொல்லையில் நனைந்த செருப்பைக் கழுவிக்கொண்டே உள்ளே காது வைத்திருந்தார். முதல் சிரிப்பு கேட்டது. "ஏம்மா, கால் மட்டும் போகுது! மீதி டீச்சர் எங்க?" இரண்டாவது சிரிப்பு இன்னும் பலமாக வந்தது. மூன்றாவது வீடியோவுக்கு, "ஆகா! இது பிரமாதம்" என்றார். அடுத்து, கரையேறிய டீச்சர் நன்றி சொல்லிப் பேசியது சரியாகக் கேட்கவில்லை, காற்றுச் சத்தம் அதிகம் என்று முனகினார். அப்புறம் சத்தமே இல்லை.

என்னவோ ஏதோ என்று அக்கா ஈரக் கையோடு உள்ளே வந்தார். திரையில் தரை ஓடு ஓடிக்கொண்டிருந்தது. ஈரமான ஓடு, யார் யாருடைய பாதங்களோ, மறுபடியும் ஓடு. கழுத்தில் தொங்கிய கேமரா பதினோரு நிமிஷம் எடுத்துத் தள்ளிய படம். "ஐயய்யோ, இது ஓடிக்கிட்டேவா இருந்துச்சு? அழிச்சுடுங்க" என்றார் அக்கா.

அண்ணன் அழிக்கவில்லை. அதை இரண்டாம் முறையாகக் கேட்டுக்கொண்டிருந்தவர், ஹெட்போன் ஒயரைக் கம்ப்யூட்டரிலிருந்து பிடுங்கினார். அறை முழுக்க அக்காவின் குரல் கேட்டது.

"ஏங்க, கொஞ்சம் இப்படித் தள்ளுங்க. தண்ணில வெயில் அடிக்குது."

பாதங்கள். பிள்ளைகளின் கூச்சல்.

"அந்தச் சின்னப் பொண்ணு டீச்சரைக் கட்டிக்கிட்டு அழுவுது பாருங்க. எடுத்தீங்களா? ஏங்க, உங்களைத்தான்... நான் பாட்டுக்குக் கேட்டுட்டே இருக்கேன்..."

அங்கே குரல் நின்றது. "சே" என்று ஒரு சத்தம். தனியாக, வாய்க்குள்ளேயே ஒரு சிரிப்பு. அரை நிமிஷம்கூட ஆகவில்லை. மறுபடியும், "ஏங்க, வழுக்குது, பாத்து வாங்க."

அக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது. அவருக்கே தெரியாது. தண்ணீர் குடிக்கிற மாதிரி, மூச்சு விடுகிற மாதிரி, வலது பக்கம் திரும்பித் திரும்பிப் பேசியிருக்கிறார். அங்கே ஆள் இல்லை என்பது ஒரு தடவை உறைத்தும் வாய் கேட்கவில்லை.

"பதினாலு தடவ" என்றார் அண்ணன். "பதினோரு நிமிஷத்துல பதினாலு தடவ கூப்பிட்டிருக்க."

"எண்ணிக்கிட்டா இருந்தீங்க?"

இருபத்து நான்கு வருஷமாக எந்த வீடியோவை எடிட் செய்ய உட்கார்ந்தாலும் அண்ணனின் முதல் வேலை இந்த ‘ஏங்க’வை வெட்டுவதுதான். பேச்சுக்கு நடுவே ஒரு ‘ஏங்க’, மாலைக்கு நடுவே ஒரு ‘ஏங்க’, யாரோ ஒரு பெரிய மனிதர் கண்கலங்கும்போது தெளிவாக ஒரு ‘ஏங்க, நகருங்க’. வெட்டி வெட்டி அலுத்துப்போய், மேலே இசையைப் போட்டு மூடிய நாட்கள் எத்தனையோ. பக்கத்தில் நிற்கிறோம், தொந்தரவு பண்ணுகிறோம், திட்டுகிறாள் என்றுதான் அவர் அதை நினைத்திருந்தார். பக்கத்தில் இல்லாத நாளிலும் அந்தக் குரல் அவரைக் கூப்பிடும் என்று அவர் கனவிலும் நினைத்ததில்லை. கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். கண்ணாடியில் அழுக்கே இல்லை.

"நான் இல்லாட்டி ஒண்ணும் குறைஞ்சிடாதுன்னு நினைச்சேம்மா" என்றார்.

"நீங்க நினைப்பீங்க. எனக்கு இன்னைக்கு ஸ்கூட்டரே ஓட்ட வரல. நீங்க வராத வேலைக்கு நான் போறதா இல்ல, அவ்வளவுதான் சொல்வேன்" என்றார் அக்கா. ஐந்து மாதமாகப் பதினோரு முறை கடைக்கு அலைந்து சொல்லாமல் சொன்னதை, கடைசியில் வாயைத் திறந்து சொல்லிவிட்டார். சொன்னதும் உடம்பே லேசாகிவிட்டது.

அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டார். கம்ப்யூட்டரைக் காட்டி, தொழில்காரர் குரலுக்கு மாறினார். "இந்தக் கேமராவுல ஒரு சிக்கல் இருக்கு. டீச்சர் பேசினது ஒரு வார்த்தைகூடச் சரியா விழல. தள்ளி நின்னு எடுத்தா இதுக்குக் காது பத்தாது. பேசுறவங்க பக்கத்துல தனியா மைக் பிடிக்கணும். ஹெட்போன் போட்டுக்கிட்டு ஒரு ஆள் கேட்டுக்கிட்டே இருக்கணும். எப்ப அழுத்துறது, எப்ப நிறுத்துறதுன்னு உனக்குச் சொல்லவும் ஒரு ஆள் வேணும்."

"ஆமா, வேணும்தான்" என்றார் அக்கா. "மைக் ரொம்பக் கனமோ?"

"ஒரு கரண்டி கனம்கூட இருக்காது."

"தோள் சரியில்லாதவங்க பிடிக்கலாமா?"

"இடுப்புக்கு நேரா பிடிச்சாப் போதும்மா" என்ற அண்ணனுக்கு இப்போது சிரிப்பை அடக்க முடியவில்லை. அக்காவுக்கும்தான். ஈரக் கையோடு அவர் தலைமுடியைக் கலைத்துவிட்டார். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் கம்ப்யூட்டர் பேசிக்கொண்டிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. திரையில் பாதங்கள் குறைந்து, வெறும் ஓடும் பள்ளிக்கூட வாசற்படியும் வந்தன. படம் முடியப்போகிற நேரத்தில் அந்தக் குரல் இன்னொரு முறை கேட்டது.

"ஏங்க, போலாமா?"

"இதோ வந்துட்டேன்" என்றார் அண்ணன் கம்ப்யூட்டரைப் பார்த்து. உடனே எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டார். கேமராவுக்குப் பணம் கட்டி, மைக்கும் வாங்க வேண்டும்; கடை ஆறு மணிக்கு மூடிவிடும். அக்கா கேமராவை எடுத்துக்கொள்ள, அண்ணன் பையை இடது தோளில் போட்டுக்கொண்டார். மைக் பிடிக்கிறவர் இனிமேல் வலது பக்கம் நிற்க வேண்டுமா, இடது பக்கம் நிற்க வேண்டுமா என்று வாசலிலேயே சண்டை ஆரம்பமாகிவிட்டது.